தண்ணீர் வராது என்று அழகாகச் சொன்னவர்

தண்ணீர் வராது என்ற செய்தியைக் கேட்க ஜனங்கள் வாசலுக்கு ஓடி வந்த ஊர் இந்த உலகத்திலேயே ஒன்றுதான் இருக்க முடியும். அந்த ஊர் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் நான் பல வருடம் தட்டச்சராக இருந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கல்வராயன் மலை தெரிகிற பக்கமாக ஜன்னலோரம் உட்கார்ந்தால், தூக்கம் வருவதற்குள் ஊர் வந்துவிடும். அந்த அடையாளம் போதும். பெயரைப் போட்டால் பாதிப் பேர் "எங்க தெருவ ஏன் எழுதல" என்று சண்டைக்கு வருவார்கள். மீதிப் பேர் "எங்க தெருவ ஏன் எழுதின" என்று வருவார்கள்.

அந்தச் செய்தியைச் சொன்னவருக்கு 'அன்பார்ந்த' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. சம்பளம் வாங்கும் நாளில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். நகராட்சி ஆட்டோவின் பின்சீட்டில் மைக்கோடு உட்கார்ந்து, தெருத்தெருவாகப் போய் அறிவிப்புச் சொல்வது அவர் வேலை. எதைச் சொன்னாலும் "அன்பார்ந்த பொதுமக்களே" என்றுதான் ஆரம்பிப்பார். ஊர் அதில் முதல் வார்த்தையை வெட்டி அவருக்கே சூட்டிவிட்டது. "அன்பார்ந்த வராரு, அடுப்ப அணைச்சிட்டு வா" என்று பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதை நானே கேட்டிருக்கிறேன். அவர் மனைவி ஒருமுறை ஆபீசுக்குப் போன் செய்து, "அன்பார்ந்த சாப்ட்டாச்சாங்க?" என்று கேட்டார்.

கூம்பு ஸ்பீக்கரில் பேசினால் யாருக்கும் மூக்கடைத்த குரல்தான் வரும். அவர் குரல் மட்டும் அதற்குள் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். நகராட்சிக்கு வருவதற்கு முன் ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கும் சர்க்கஸுக்கும் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். சிங்கத்தைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு டிக்கெட் வாங்கிப் போனவர்கள், சிங்கத்தைப் பார்த்ததும் ஏமாந்துபோனார்களாம்.

இத்தனை பெரிய குரலை வைத்திருந்தவர் மைக் இல்லாத நேரத்தில் பேசவே மாட்டார். டீக்கடையில் விரலைக் காட்டுவார். ஒரு விரல் என்றால் டீ, விரலை மடக்கினால் சர்க்கரை கம்மி. ஆபீசில் என் மேஜைக்கு வந்தால் காதோரம் குனிந்து, ரகசியம் சொல்வது போலத்தான் பேசுவார். புதிதாக வந்தவர்கள் எங்கள் இருவரையும் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

"சத்தமாப் பேசுங்கண்ணே, எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க," என்றேன்.

"கொரல சொம்மா செலவு பண்ணக் கூடாதும்மா. அது ஊரு சொத்து," என்றார், அதே ரகசியக் குரலில்.

ஆட்டோவை ஓட்டியவர் அந்தோணி அண்ணன். அவர் சாப்பிடுவதற்கு மட்டும் வாயைத் திறக்கிறவர். ஒருவர் பேசவே மாட்டார், இன்னொருவர் மைக் இருந்தால்தான் பேசுவார். இந்த இரண்டு பேரும் காலை முதல் மாலை வரை ஒரே வண்டியில் சுற்றினார்கள். ஒரு சண்டை வந்ததில்லை.

அறிவிப்பை எழுதித் தருவது என் வேலை. நான் களமருதூர்ப் பெண், நெல்வயல் பக்கத்தில் வளர்ந்தவள். தண்ணீர் விஷயத்தில் வளவளவென்று பேசினால் எனக்குப் பிடிக்காது. "குழாய் உடைப்பு காரணமாக நாளை காலை குடிநீர் விநியோகம் இருக்காது. பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்க வேண்டுகிறோம்." இதை அடித்துக் கொடுப்பேன். அவர் அந்தத் தாளை மரியாதையாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார். தெருவில் கேட்பது இப்படி இருக்கும்:

"அன்பார்ந்த பொதுமக்களே, தாய்மார்களே, பள்ளிக்கூடம் போவாம வயித்த வலின்னு ஏமாத்திக்கினு படுத்திருக்கிற பிள்ளைகளே. நாளைக்குக் காலையில தண்ணி வராது. ஏன் வராதுன்னு நீங்க கேக்கணும். கேக்கலன்னாலும் நான் சொல்லுவன். மெயின் பைப்புல ஒடைப்பு. அந்தப் பைப்பு என் மூத்த பொண்ணு பொறந்தப்ப பொதைச்சது. அவளுக்கே இப்ப முட்டி வலிக்குது. பைப்புக்கு வலிக்காதாங்க?"

அதற்குப் பிறகு வரலாறு ஆரம்பிக்கும். அந்த ஊர்க் குடிநீரின் கதையை நான் எந்தக் கோப்பிலும் படித்ததில்லை, அவர் மைக்கில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் கிணறு. கிணறு வற்றியபோது அடிபம்பு. அடிபம்பு அடித்து அடித்து ஊர்ப் பெண்களுக்கு வலது கை மட்டும் பருத்துப்போன காலம். பிறகு ஊர் பேரூராட்சியாகி, ஆற்றுப்படுகையில் பெரிய கிணறு வெட்டி, மேட்டில் டேங்க் கட்டினார்கள். டேங்கில் முதல் தண்ணீர் ஏறிய நாளில் அன்பார்ந்த கீழே நின்று மைக்கில் வர்ணனை செய்தாராம். "கால்வாசி ஏறிடுச்சு. தண்ணி கொஞ்சம் மூச்சு வாங்குது. தோ மறுபடி ஏறுது." ஜனங்கள் சோறு கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். டேங்க் நிரம்பியபோது கைதட்டினார்கள்.

தெருக்குழாய் வந்தபோது குழாய்க்குப் பொட்டு வைத்து மாலை போட்டது, நகராட்சியானதும் வீட்டுக்கு வீடு இணைப்பு வந்தது, குழாயடியில் சண்டை போட்டுப் பழகிய பெண்கள் சண்டைக்கு இடமில்லாமல் கொஞ்ச நாள் தவித்தது எல்லாம் வரிசையாக வரும். தெருவிளக்கு எரியாததற்கும், சாக்கடை தூர்வாருவதற்கும், கொசு மருந்து அடிப்பதற்கும் இதே மாதிரி தனித்தனி வரலாறு உண்டு. எந்த வரலாற்றை எடுத்தாலும் மேலே கல்வராயன் மலையில் பெய்த மழையில்தான் தொடங்குவார்.

"அந்த மழைக்கு நம்ம ஊரு எங்க இருக்குதுன்னே தெரியாது. அத்த வழி கேட்டுக் கூட்டியாந்து உங்க வூட்டுக் குடத்துல வுடுறோம். ஒரு நாள் தவறிப்போச்சுன்னா கோச்சுக்காதீங்க."

இதைக் கேட்டுவிட்டு யாருக்குக் கோபம் வரும்? பைப் உடைந்த தெருக்காரர்களே அவருக்கு மோர் கொடுத்து அனுப்புவார்கள்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. தெருவில் கண்ணில் படுவதையெல்லாம் மைக்கில் சொல்லிவிடுவார். "மாடி வூட்டு சார், உங்க டேங்க் ரொம்பி வழியுது, மோட்டாரை நிறுத்துங்க. கீழ நிக்கிற அக்கா நனையறாங்க." குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்களைப் பிடிக்க எங்கள் பிரிவில் ஒரு குழுவே இருந்தது. அது ஒருவரையும் பிடித்ததில்லை. அன்பார்ந்த ஒரு காலையில் ஒரு தெருமுனையில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"இந்தத் தெருவுல ஒருத்தரு மோட்டார் வெச்சு இழுக்கறாரு. பேரச் சொல்ல மாட்டன். அது மரியாதை இல்ல. பச்சை பெயின்ட்டு அடிச்ச வூடு. புது கேட்டு. வாசல்ல நாய் கட்டியிருக்குது. நாய் நல்ல நாய்."

மறுநாள் அந்த வீட்டில் மோட்டார் இல்லை. வீட்டுக்காரர் பெயின்டையும் மாற்றிவிட்டார்.

கரும்பு வெட்டுகிற பருவத்தில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் கடைத்தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆட்டோ நடுவில் மாட்டிக்கொண்டால் அவருக்குக் கொண்டாட்டம். டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இடம் வலம் சொல்லிப் பாதையைப் பிரித்துவிடுவார். கூடவே, "கரும்பு ஏத்திக்கினு போற அண்ணே, நீங்க எந்த ஊரோ தெரியாது, இருந்தாலும் சொல்றன், நாளைக்கு எங்க ஊர்ல தண்ணி வராது" என்பார். டிராக்டர்காரர் தலையாட்டிவிட்டுப் போவார்.

இப்படியே போயிருக்கும். புது ஆணையர் வந்தார். இளவயதுப் பெண், சுறுசுறுப்பானவர். வந்த வாரத்திலேயே ஆட்டோவின் பின்னால் ஸ்கூட்டியில் போய்ப் பார்த்திருக்கிறார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வண்டி இரண்டாவது தெருவைத் தாண்டவில்லை. மூன்றாவது தெருக்காரர்களுக்குத் தண்ணீர் வராது என்ற செய்தி, தண்ணீர் வந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

"இவர் நல்லாத்தான் பேசறார்," என்றார் ஆணையர் என்னிடம். "ஆனா இது கச்சேரி இல்லையே."

அவர் சொன்னதில் தப்பில்லை. சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் ஒரு பெண்ணின் குரலைப் பதிவு செய்து வாங்கினார்கள். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று அது ஆரம்பிக்கும். பேட்டரி வண்டி அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் ஊரைச் சுற்றி வந்துவிடும். அன்பார்ந்த அண்ணனை எங்கள் பிரிவில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். அவருக்குப் பொறாமை இல்லை. ஜன்னல் வழியாக அந்தக் குரலைக் கேட்டு, என் காதோரம் குனிந்து, "நல்ல கொரலும்மா. சுத்தமா இருக்குது. ஆனா எதிர்ல யாரு நிக்கறாங்கன்னு அதுக்குத் தெரியாது, பாவம்" என்றார்.

ஊரில் அந்தக் குரலை யாரும் கேட்கவில்லை. காதில் விழுந்தது, அவ்வளவுதான். குப்பை வண்டிப் பாட்டு, ஐஸ் வண்டி மணி மாதிரி அதுவும் ஒன்றாகிவிட்டது. "தண்ணி வராதுன்னு சொல்லவே இல்லியே" என்று ஆபீசுக்கு வந்து சண்டை போட்டார்கள். "சொன்னோமே" என்றால், "யாரு சொன்னா? அன்பார்ந்த வரவே இல்லியே" என்றார்கள்.

அந்த வருடம் ஐப்பசியில் மலையில் விடாமல் மழை பெய்தது. ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது. வெள்ளத்தில் ஆற்றோரம் போகிற பெரிய குழாய் நகர்ந்து, எங்கோ வாய் பிளந்துவிட்டது. மேலே சாக்கடை, கீழே குழாய். எங்கே பிளந்தது என்று தண்ணீர் வடிந்தால்தான் தெரியும். அதற்குள் தாழ்வான தெருக்களிலிருந்து குழந்தைகளை வாந்தி பேதி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகளைப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் பியூன் வந்து சொன்னார்.

தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வருவதற்குள் எதையாவது சொல்லி ஊரைப் பயமுறுத்த வேண்டாம் என்று ஆணையர் நினைத்தார். கள்ளக்குறிச்சியில் அவசரக் கூட்டம் என்று கிளம்பும்போது, பதிவு செய்த குரலையே போடச் சொன்னார். "மழைக்காலம் என்பதால் குடிநீரைக் காய்ச்சிப் பருகவும்." ஒவ்வொரு மழைக்கும் அதே குரல் அதைத்தான் சொல்லும். ஊர் அதைக் கேட்டுக்கொண்டே குழாயைத் திறந்து குடித்தது.

அன்பார்ந்த ஸ்டூலை விட்டு எழுந்தார். நேராகப் பொறியாளர் மேஜைக்குப் போனார். முதல்முறையாக மைக் இல்லாமல் சத்தமாகப் பேசினார். அந்த அறையில் எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம்.

"சார், ஒன்னு கேக்கறன். இந்தத் தண்ணிய இப்ப உங்க கொழந்தைக்குக் குடுப்பீங்களா?"

பொறியாளர் நல்ல மனிதர். காலையிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டு வந்திருந்தார், பேன்ட் இன்னும் காயவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாட்டேன்," என்றார். "காய்ச்சினாலும் இன்னிக்குக் குடுக்க மாட்டேன்."

"அப்ப அத்த சொல்லிட்டு வரன்."

"ரிசல்ட் வராம சொல்லக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்கண்ணே," என்றேன் நான்.

"ரிசல்ட்டு வர்ற வரைக்கும் கொழந்தைங்களுக்குத் தாகம் எடுக்காதாம்மா?"

பொறியாளர் போனை எடுத்தார். "நீங்க போங்க. வால்வை அடைக்கச் சொல்றேன், லாரித் தண்ணி நான் ஏற்பாடு பண்றேன். மேடத்துக்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஆட்டோ கிளம்பியது. நான் ஜன்னலில் நின்றேன். கடைத்தெரு வரை குரல் கேட்கும். வழக்கமான அந்த முதல் வார்த்தைக்குக் காது கொடுத்துக் காத்திருந்தேன். வேறு வார்த்தைகள் கேட்டன.

"தண்ணி கெட்டுப்போச்சு. யாரும் குடிக்காதீங்க. புடிச்சு வெச்சத கொட்டிடுங்க. லாரித் தண்ணி வருது." அவ்வளவுதான். திரும்பவும் அதே நாலு வரி. மலை இல்லை, பைப் இல்லை, மூத்த பெண் இல்லை.

சாயங்காலம் வண்டிக்கு டீசல் சீட்டு வாங்க அந்தோணி அண்ணன் ஆபீசுக்கு வந்தார். சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாமல் என் முன்னால் நின்றார். பிறகு வாயைத் திறந்தார்.

"எல்லாரும் கொடத்த கவுத்துட்டாங்கம்மா," என்றார். "அவரு அன்பார்ந்தன்னு சொல்லல பாருங்க. அதுலயே பயந்துட்டாங்க. 'அந்த ஆளே அத்த வுட்டுட்டாருன்னா ஏதோ பெரிய விஷயம்'னு ஒரு பொம்பள சொல்லிக்கினே அரிசி ஊறவெச்ச தண்ணியக்கூட கொட்டிடுச்சு."

நான் அந்தோணி அண்ணன் பேசி அதற்கு முன்பும் கேட்டதில்லை, அதற்குப் பிறகும் அவ்வளவு நீளமாகக் கேட்டதில்லை.

மறுநாளும் போனார்கள். மழையில் ஆம்ப்ளிஃபையர் நனைந்து நின்றுபோனது. வேறு மைக் வரும்வரை காத்திருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தோம். அவர் கேட்கவில்லை. ஆட்டோ போக முடியாத சந்துகளில் முழங்கால் தண்ணீரில் நடந்து, வெறும் வாயால் கத்திக்கொண்டே போனார். இத்தனை வருடம் டீக்கடையில்கூடச் செலவு செய்யாமல் சேர்த்து வைத்த குரலை அந்த இரண்டு நாளில் கொட்டித் தீர்த்துவிட்டார். மூன்றாம் நாள் காலை ஸ்டூலில் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். காற்று மட்டும் வந்தது.

அதற்குள் மேலே புகார் போயிருந்தது. ஊரில் பீதியைக் கிளப்பிவிட்டார், உத்தரவில்லாமல் பேசினார், நடவடிக்கை வேண்டும் என்று ஒரு கவுன்சிலர் பிடிவாதமாக நின்றார். ஆணையர் என்னைக் கூப்பிட்டு மெமோ அடிக்கச் சொன்னார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவருடைய உண்மையான பெயரை அடித்தேன். அது யாரோ வேறு ஆளுக்குப் போகிற மெமோ மாதிரி இருந்தது. அதோடு நிறுத்திவிட்டேன்.

மத்தியானம் ஆணையர் அவரை உள்ளே அழைத்தார். அவரால் பேச முடியாது என்பதால் நானும் போனேன். அவர் என் காதில் சொல்வார், நான் மேடத்திடம் சொல்வேன்.

"யாரைக் கேட்டு இப்படிச் சொன்னீங்க?" என்றார் ஆணையர்.

அவர் என் காதில் ஊதினார். "பொறியாளர் சாரைக் கேட்டாராம், மேடம்," என்றேன்.

"நான் சொன்னது உங்களுக்குத் தெரியும்தானே?"

மறுபடியும் காற்று. "தெரியுமாம். நீங்க அந்தத் தெருவுக்குப் போயிருந்தா நீங்களும் இதத்தான் சொல்லியிருப்பீங்களாம்."

இதை அவர் சொன்னாரா, நானே சேர்த்தேனா என்று இன்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. ஆணையர் மேஜை மேலிருந்த தாளைத் திருப்பி வைத்தார். பரிசோதனை முடிவு வந்திருந்தது. தண்ணீர் கெட்டிருந்தது உண்மை. ஆஸ்பத்திரிக்கு வருகிற குழந்தைகள் குறைந்துவிட்டார்கள், இருக்கிறவர்களும் தேறி வருகிறார்கள் என்று டாக்டர் போன் செய்திருந்தார்.

"மெமோ அடிச்சாச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"பிரின்டர்ல மை இல்ல, மேடம்."

கையிலிருந்த பேனாவை மூடினார். "வாங்க வேண்டாம்," என்றார்.

குழாயைக் கண்டுபிடித்து, மாற்றி, டேங்க்கைக் கழுவி, குளோரின் போட்டு, தண்ணீர் திரும்ப வந்தது. குரல் திரும்ப வரவில்லை. கள்ளக்குறிச்சி டாக்டரிடம் ஆணையரே தன் ஜீப்பில் அனுப்பினார். தொண்டைக்குள் கிழிந்துவிட்டது, ஆறும், பழைய மாதிரி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். ஊர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. தேன், அதிமதுரம், மிளகுக் கஷாயம், நாட்டுக்கோழி முட்டை என்று ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் பிரிவு நாட்டு மருந்துக்கடை மாதிரி மணத்தது. மலையிலிருந்து ஒருவர் கொம்புத்தேன் கொண்டுவந்தார். அங்கே எங்கள் குழாயே கிடையாது. இவருக்கு ஏன் என்று கேட்டேன். "சந்தைக்கு வரும்போது கேப்பன். எங்க மழையப் பத்தி இவருதான் நல்லாப் பேசுனாரு" என்றார் அவர்.

ஆணையர் அவரைப் புகார் ஜன்னலில் உட்கார வைத்தார். அதைப் போல ஒரு நியமனத்தை நான் என் சர்வீசில் பார்த்ததில்லை. புகார் சொல்ல வருகிறவர்களுக்கு எதிர்ப்பேச்சு பிடிக்காது. இவரால் எதிர்ப்பேச்சு பேச முடியாது. கன்னத்தில் கை வைத்து, முழுசாகக் கேட்டு, சரியான இடத்தில் தலையசைத்து, சரியான இடத்தில் வருத்தப்படுவார். பச்சை வீட்டுக்காரர், அதாவது இப்போது மஞ்சள் வீட்டுக்காரர், தண்ணீர் சரியாக ஏறவில்லை என்று அரைமணி நேரம் பேசிவிட்டு, "சொன்னதே போதும், மனசு ஆறிடுச்சு" என்று எழுந்து போனார். புகாரைப் பதிவு செய்யக்கூட விடவில்லை.

அவர் ஓய்வு பெற்றார். பிறகு நானும் ஓய்வு பெற்று, கள்ளக்குறிச்சியில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். இங்கே தண்ணீர் வராது என்றால் கைப்பேசியில் குறுஞ்செய்தி வருகிறது. இரண்டு வரி. நான் அடித்துக் கொடுத்ததைவிடச் சுருக்கம்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனவள், அவர் வீட்டுக்கும் போனேன். உடம்பு இளைத்திருக்கிறார். குரல் கொஞ்சம் வருகிறது, பழைய கதவு திறக்கிற மாதிரி. அந்தோணி அண்ணன் வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார். காபி குடித்தோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் கிளம்ப, அன்பார்ந்த அண்ணன் சட்டை மாட்டிக்கொண்டு நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தார். பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன். வண்டி நகரும்போது அவர் ஜன்னல் பக்கமாக வந்து, கையை ஆட்டி ஏதோ சொன்னார். உதடு நிறைய நேரம் அசைந்தது. நீளமான விஷயம்தான் போலிருக்கிறது. எஞ்சின் சத்தத்தில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கேட்டுவிட்டுப் போகலாம் என்று திரும்பி நடந்தேன்.